வைக்கோல் கட்டில் மிளகாய் வளர்க்கலாமா? நாற்று முதல் பறிப்பு வரை ஒரு பதில்

நீங்கள் எழுதியதைச் சுருக்கமாக எடுத்துச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். திருச்சியில் சொந்த வீடு, மொட்டை மாடியும் கொல்லைப்புறத்தில் கொஞ்சம் தரையும் உண்டு. நண்பர் அசாமிலிருந்து கொண்டுவந்த பூத் ஜொலோகியா என்ற கடும் கார மிளகாயின் விதையும், வீட்டு வத்தலிலிருந்து எடுத்த சம்பா மிளகாய் விதையும் கையில் இருக்கின்றன. விதைத்தவை முளைத்து ஒரு வாரத்துக்குள் சாய்ந்துவிடுகின்றன. தப்பிப் பிழைத்து செடிப்பைக்குப் போனவை இலை சுருண்டு அப்படியே நின்றுவிடுகின்றன. வெளிநாட்டவர்கள் வைக்கோல் கட்டையே பாத்தியாக வைத்து மிளகாய் வளர்ப்பதைக் காணொளியில் பார்த்தீர்கள். லால்குடிப் பக்கம் உறவினர் வயலில் மிஷின் சுருட்டிப் போட்ட வைக்கோல் உருளைகள் கிடைக்கும் என்பதால், அவற்றை மாடிக்கு ஏற்றி நடலாமா என்று கேட்கிறீர்கள். ஆனால் அந்தக் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: மண்ணை விட்டுவிட்டால் இந்தத் தொல்லைகள் எல்லாம் தீருமா என்பதுதான் அது.

தோட்டக்கலை படித்து, நாற்றங்கால் வேலையிலும் மிளகாய் விவசாயிகளுக்கு ஆலோசனை சொல்வதிலும் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் என் பதில் இது. தரையில் வைக்கோல் கட்டு வைத்து மிளகாய் வளர்க்கலாம், நன்றாகவே வரும், நான் வளர்த்திருக்கிறேன். மாடியில் வேண்டாம். நாற்று சாய்வது பாத்திக்குப் போகும் முன்பே நடக்கும் சங்கதி, அதற்கும் வைக்கோலுக்கும் சம்பந்தமில்லை. இலை சுருள்வது காற்றில் வரும் பூச்சிகளின் வேலை. செடியை மண்ணில் வைத்தாலும் வைக்கோலில் வைத்தாலும் அவை தேடி வரும். வைக்கோல் தீர்த்து வைப்பது மண்வழி வரும் வாடல் நோய்களையும் வேர்முடிச்சு நூற்புழுவையும்தான், அதுவும் சில நிபந்தனைகளோடு.

நாற்றிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் இழப்பு அங்கேதான் தொடங்குகிறது. சாய்ந்து கிடக்கும் நாற்று ஒன்றை மெதுவாகத் தூக்கி, தண்டு மண்ணைத் தொடும் இடத்தைப் பாருங்கள். மேலே இரண்டு வித்திலைகளும் பச்சையாக, எந்தக் குறையும் இல்லாதது போல் இருக்கும். கீழே தண்டு மட்டும் நீர் கோத்து, பழுப்பேறி, நூல் போல இளைத்திருக்கும். அப்படி இருந்தால் அது நாற்றழுகல். பித்தியம் என்ற பூசண வகைதான் மிளகாயில் இதற்கு முதல் காரணம். ஈரம் தேங்கும் இடத்தில் அது நீரிலேயே நீந்திப் பரவும். தண்டில் அழுகல் எதுவும் இல்லாமல், வெளிறி நீண்டு, எடை தாங்காமல் வளைந்திருந்தால் அது நோயல்ல, வெளிச்சக் குறைவு. வீட்டுக்குள் சன்னலோரம் வைத்து முளைக்க வைப்பவர்களுக்கு இந்த இரண்டும் சேர்ந்தே வரும், அதனால் ஒன்றை மற்றொன்றாக நினைத்து மருந்து தெளித்துக்கொண்டிருப்பார்கள்.

நாற்றழுகலுக்கு மருந்தைவிட வளர்ப்பு முறைதான் பெரிய தீர்வு என்பதில் எனக்கு ஐயமில்லை. தோட்ட மண்ணில் விதைக்காதீர்கள். தென்னை நார்க் கழிவையும் மண்புழு உரத்தையும் சம பங்காகக் கலந்து குழித்தட்டில் நிரப்புங்கள். செங்கல்லாக அழுத்தி விற்கும் நார்க் கழிவில் உப்பு இருக்கக்கூடும் என்பதால் ஊறவைத்து, பிழிந்து, இரண்டு மூன்று முறை அலசிய பிறகே பயன்படுத்துங்கள். விதையை டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூசணத் தூளோடு கிலோவுக்கு 4 கிராம் கணக்கில் கலக்க வேண்டும் என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. உங்களிடம் இருக்கும் சில கிராம் விதைக்கு ஒரு சிட்டிகை தாராளம். அரை சென்டிமீட்டர் ஆழத்தில் குழிக்கு ஒரு விதை போட்டு, மேலே நார்க் கழிவைத் தூவி மூடுங்கள். முளைக்கும்வரை தட்டை மூடி வைக்கலாம். முதல் முளை தலைகாட்டிய அன்றே மூடியை எடுத்துவிட வேண்டும். அன்றிலிருந்து தட்டு வெட்டவெளியில் நிழல்வலைக்கு அடியில் இருக்கட்டும், தண்ணீர் காலையில் மட்டும் போகட்டும். மாலையில் ஊற்றிய தண்ணீர் இரவெல்லாம் தண்டடியில் நிற்பதுதான் பித்தியத்துக்கு விருந்து. ஒரு தட்டில் இரண்டு நாற்று சாய்ந்துவிட்டால் அந்தக் குழிகளை நாரோடு எடுத்து அப்புறப்படுத்திவிட்டு, ஒரு நாள் தண்ணீரை நிறுத்திப் பாருங்கள்; பல சமயம் பரவல் அத்தோடு நின்றுவிடும். ராமநாதபுரத்து மானாவாரி நிலங்களில் முண்டு மிளகாயை நாற்று விடாமல் நேரடியாகவே விதைக்கிற வழக்கம் இருக்கிறது. நெருக்கமும் தேங்கும் ஈரமும் இல்லாத இடத்தில் மிளகாய் விதை எவ்வளவு தைரியமானது என்பதற்கு அந்த வயல்களே சான்று.

உங்களிடம் உள்ள இரண்டு விதைகளும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சம்பா, முண்டு, கோவில்பட்டி கே 1, கே 2, பெரியகுளம் பிகேஎம் 1 ஆகிய நம் மிளகாய்கள் காப்சிகம் ஆனம் இனத்தைச் சேர்ந்தவை. வெதுவெதுப்பான நாளில் ஏழு முதல் பத்து நாளில் முளைத்து, 35 முதல் 40 நாளில் நடவுக்குத் தயாராகும். பூத் ஜொலோகியா காப்சிகம் சைனென்ஸ் வகையோடு நெருங்கியது. அது முளைக்கவே இரண்டு வாரம் முதல் நான்கு வாரம் எடுக்கும், சில விதைகள் அதற்கு மேலும் படுத்தே கிடக்கும். பத்தாம் நாள் பொறுமை இழந்து தட்டைக் கவிழ்த்து விடுபவர்கள் அதிகம். நாற்றும் மெதுவாகவே வளரும், இரண்டு மாதம் ஆன பிறகு நடுவது நல்லது. வத்தலிலிருந்து எடுத்த விதை முளைக்கும், ஆனால் அந்த வத்தல் கடையில் வாங்கியதாக இருந்தால் அது கலப்பின ரகமாக இருக்க வாய்ப்பு மிகுதி. அதன் பிள்ளைச் செடிகள் தாயைப் போல் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. மிளகாய் தன் மகரந்தச் சேர்க்கை செய்யும் பயிர்தான் என்றாலும் தேனீக்களாலும் எறும்புகளாலும் அயல் மகரந்தச் சேர்க்கையும் கணிசமாக நடக்கும். ஆகவே இந்த ஆண்டு இரண்டையும் அருகருகே வளர்த்தால் பழத்தில் எந்த மாற்றமும் வராது, அடுத்த ஆண்டுக்கு எடுக்கும் விதையில்தான் கலப்பு தெரியும். சம்பா மிளகாய் பக்கத்தில் பூத் ஜொலோகியா இருந்ததால் சம்பாவும் காரமாகிவிட்டது என்று சொல்வது சரியல்ல.

இனி வைக்கோலுக்கு வருவோம். இது புதிதாக வந்த விளையாட்டு அல்ல. பிரிட்டனில் கண்ணாடிக் கூடாரங்களுக்குள் தக்காளியும் வெள்ளரியும் வளர்த்தவர்கள், மண்ணில் நோய் ஏறிப் போனபோது வைக்கோல் கட்டுகளை அடுக்கி, நனைத்து, தழைச்சத்து (நைட்ரஜன்) ஊட்டி, அவற்றின் மேல் பயிர் செய்தார்கள். பின்னர் அமெரிக்காவில் வீட்டுத் தோட்டக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் பயன்படுத்துவது கோதுமை, ஓட்ஸ் போன்றவற்றின் தாள். கால்நடைத் தீவனமாகப் புல்லை அறுத்துக் காயவைத்துக் கட்டிய உலர்புல் கட்டு வேறு. அதில் தழைச்சத்து கூடுதலாக இருப்பதால் சீக்கிரம் மட்கும், ஆனால் புல் விதைகள் நிறைந்திருப்பதால் செடியோடு சேர்ந்து புல்வெளியும் முளைத்துவிடும். நமக்குக் கிடைப்பது நெல் வைக்கோல். அதில் உதிராத நெல்மணிகள் இருந்தால் கட்டின் தலையில் நாற்றங்கால் போலப் பச்சை படரும், அதைக் கையால் பிடுங்கிப் போட்டுவிடலாம்.

வைக்கோல் கட்டை மண்ணுக்கு மாற்று என்று நினைப்பதிலிருந்துதான் எல்லாத் தவறுகளும் தொடங்குகின்றன. செடி நிற்க இடம் கொடுக்கும் ஒரு மட்கு குவியல் அது, அவ்வளவுதான். வைக்கோலில் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு கரியும் (கார்பன்) அரை விழுக்காட்டைச் சற்றுத் தாண்டிய தழைச்சத்தும் இருக்கின்றன. மட்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு முப்பது பங்கு கரிக்கு ஒரு பங்கு தழைச்சத்து தேவை, வைக்கோலிலோ எழுபது எண்பது பங்குக்கு ஒன்றுதான் உண்டு. குறையும் தழைச்சத்தை அவை எங்கே கிடைக்கிறதோ அங்கிருந்து எடுத்துக்கொள்ளும், அதாவது உங்கள் மிளகாய்ச் செடியின் வேரடியிலிருந்து. பச்சை வைக்கோலில் நேரே நட்ட செடி பத்து நாளில் மஞ்சளாகி நிற்பதற்குக் காரணம் இதுதான். ஆகவே நடவுக்கு முன் அந்தப் பசியை நாம் தீர்த்துவிட வேண்டும். 25 கிலோ உலர்ந்த கட்டில் சுமார் 10 கிலோ கரி இருக்கிறது. அதற்கு 330 கிராம் அளவு தழைச்சத்து வேண்டும். வைக்கோலிலேயே 130 கிராம் போல உண்டு. மீதி 200 கிராமுக்கு, 46 விழுக்காடு தழைச்சத்து உள்ள யூரியா 430 கிராம் தேவை. இது ஏட்டுக் கணக்கு. முழுக் கட்டும் ஒரே நேரத்தில் மட்குவதில்லை என்பதால் நடைமுறையில் 300 முதல் 400 கிராம் போதும்.

அதைச் செய்யும் விதம் இது. உருளையை நிற்க வையுங்கள். வைக்கோல் தாளின் ஓரங்களும் இடுக்குகளும் மேலே பார்த்திருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கும், படுக்க வைத்தால் கூரையில் விழுந்த மழை போல வழிந்து ஓடிவிடும். கட்டிய கயிறை அறுக்காதீர்கள். முதல் மூன்று நாள் வெறும் தண்ணீர், காலையும் மாலையும், அடியில் வழியும்வரை. நான்காம், ஆறாம், எட்டாம் நாள்களில் நூறு நூறு கிராம் யூரியாவைத் தலையில் தூவி, உள்ளே கரைந்து இறங்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள்; அடியில் ஓட விட்டால் உரமும் ஓடிவிடும். பத்தாம் நாள், தழை, மணி, சாம்பல் சத்துகள் மூன்றும் சம அளவில் உள்ள 17:17:17 காம்ப்ளக்ஸ் உரம் 150 கிராம். இந்த நாள்களில் கட்டின் உள்ளே சூடு ஏறும், 50 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். ஐந்தாறு நாள் கழித்து முழங்கை அளவு கையை நுழைத்துப் பார்த்தால் சூடு சட்டென்று தெரியும். தாள்கள் கருத்து, மெத்தென்று ஆகியிருக்கும். அம்மோனியா நெடி மூக்கில் ஏறும். இரண்டு வாரம் கழித்துக் காலையில் மறுபடி பாருங்கள். உள்ளே வெளிக்காற்றைவிடச் சூடு தெரியக்கூடாது, அந்தக் கார நெடி அறவே போயிருக்க வேண்டும், மழை நனைத்த மண்ணின் வாசம் வர வேண்டும். திருச்சி வெயிலில் இது இரண்டு வாரத்தில் முடியலாம், மூன்று வாரமும் ஆகலாம். நாளை எண்ணி நடாதீர்கள், கையை நம்பி நடுங்கள். சாம்பல் நிறத் தொப்பிக் காளான்கள் முளைத்து ஒரே நாளில் மை போலக் கரைந்து போவதைக் கண்டால் பயப்பட வேண்டாம், கட்டு மட்குகிறது என்பதற்கு அது நல்ல அறிகுறி. நாமே வித்திட்டு வளர்த்த வைக்கோல் காளான் அல்ல அது, ஆகவே சமைக்க எடுக்காதீர்கள்.

இயற்கை முறைதான் வேண்டும் என்றால் கடலைப் புண்ணாக்கு நல்ல மாற்று. அதில் தழைச்சத்து ஏழு விழுக்காடு அளவுக்கு உண்டு என்பதால் 200 கிராம் தழைச்சத்துக்கு மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வேண்டும். ஊறவைத்துக் கரைத்து நான்கைந்து தவணையாக ஊற்றலாம். காலம் கூடுதலாக ஆகும், நாற்றமும் ஈயும் எலியும் வரும். அக்கம்பக்கத்து வீடுகளோடு உங்கள் உறவு எப்படி என்பதைப் பொறுத்து முடிவு செய்யுங்கள்.

நடும்போது கட்டின் தலையில் இரண்டு கை கொள்ளும் அளவுக்குக் குழி பறித்து, மட்கிய உரத்தை நிரப்பி, நாற்றை அது தட்டில் நின்ற அதே ஆழத்தில் மாலை வேளையில் நடுங்கள். தக்காளியைப் போல் தண்டைப் புதைத்து நட்டால் வேர் விடும் பழக்கம் மிளகாய்க்குப் பெரிதாக இல்லை. இரண்டடி விட்டமுள்ள உருளைக்கு இரண்டு செடி போதும். நடுவதற்கு முன்பே ஊன்றுகோலைக் கட்டின் வழியாகத் தரையில் அறைந்துவிடுங்கள். கட்டு பருவத்துக்குள் பாதி உயரம் வரை அமிழும், ஆடிக் காற்றும் அடிக்கும், கட்டில் மட்டும் ஊன்றிய குச்சி செடியோடு சேர்ந்து சாயும். தண்ணீர் விஷயத்தில் வைக்கோல் ஓட்டைப் பாத்திரம். வெயில் நாளில் ஒரு கட்டுக்கு ஐந்து லிட்டருக்கு மேல் கேட்கும், ஒரு நாள் தவறினால் மேல்பகுதி காய்ந்துவிடும். பூவாளியைவிடச் சொட்டுக் குழாய் மேல். சத்தும் நிற்காது என்பதால் பத்து நாளுக்கு ஒரு முறை நீரில் கரையும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு மூன்று நான்கு கிராம் கலந்து விடுங்கள். காய் பிடித்த பிறகு கால்சியம் நைட்ரேட்டைத் தனியாக, வேறொரு நாளில் கொடுங்கள். இரண்டையும் ஒரே வாளியில் கலந்தால் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சுண்ணாம்புச் சத்தும் (கால்சியம்) சேர்ந்து அடியில் படிந்துவிடும். மிளகாயின் நுனிப் பக்கம் வெளுத்துத் தோல் போல உலர்ந்தால் பெரும்பாலும் நீர் ஒரு நாள் அதிகமாகவும் ஒரு நாள் குறைவாகவும் போனதால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராததே காரணம். நோய் என்று மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம்.

மாடியில் ஏன் வேண்டாம் என்பதற்குக் கணக்கு எளிது. 25 கிலோ கட்டு தண்ணீர் குடித்தால் 80 கிலோ, சில நேரம் 100 கிலோ. அது நிற்கும் இடம் இரண்டடி விட்ட வட்டம், அதாவது மூன்று சதுர அடிக்குச் சற்றுக் கூடுதல். சதுர மீட்டர் கணக்கில் 250 கிலோவைத் தாண்டுகிறது. ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர விதி வைக்கச் சொல்லும் பாரக் கணக்கு சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவே. ஒரே ஒரு கட்டை வைத்தால் கூரை இடிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை, பாரம் பக்கத்துக்குப் பரவும். ஆனால் பத்துக் கட்டை வரிசையாக நடுத் தளத்தில் வைப்பது வேறு. உங்கள் வீட்டின் உத்தரமும் கம்பியும் எப்படி என்பதைக் கட்டிய பொறியாளர்தான் சொல்ல முடியும், இங்கிருந்து நான் சொல்ல முடியாது. பாரம் ஒருபுறம் இருக்கட்டும். கட்டிலிருந்து வழியும் பழுப்பு நீர் தளத்தில் கறை ஏற்றும், ஓயாத ஈரம் கசிவுக்கு வழிவிடும், உலர்ந்த கட்டு தீபாவளி ராக்கெட் ஒன்றுக்குப் போதும். மாடிக்குச் செடிப்பையே ஏற்றது. பன்னிரண்டு அங்குலப் பையில் நார்க் கழிவு, மட்கிய உரம், கொஞ்சம் செம்மண் கலந்து, மேலே நாலு விரல் கனத்துக்கு அதே வைக்கோலை மூடாக்காகப் போடுங்கள். கட்டில் கிடைக்கும் நன்மையில் பெரும்பகுதி பாரமில்லாமல் கிடைத்துவிடும். கொல்லைப்புறத் தரையில் கட்டு வையுங்கள். அடியில் கரையான் நடமாட்டம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இருந்தால் செங்கல் பரப்பி அதன்மேல் வையுங்கள்.

உறவினரிடம் ஒன்றை மட்டும் கேட்டுவிடுங்கள்: அந்த வயலில் என்ன களைக்கொல்லி அடித்தார்கள்? பிரிட்டனில் 2008-ல் அமினோபைரலிட் என்ற களைக்கொல்லி அடித்த புல்லைத் தின்ற மாடுகளின் எருவைப் போட்ட வீட்டுத் தோட்டங்களில் தக்காளியும் உருளையும் பீன்ஸும் இலை முறுக்கி வீணாகி, அந்த மருந்தின் விற்பனையையே தற்காலிகமாக நிறுத்த வேண்டியதாயிற்று. நம் நெல் வயல்களில் அடிப்பது பெரும்பாலும் வேறு மருந்துகள். ஆனாலும் அகன்ற இலைக் களைகளுக்கு அடிக்கும் 2,4-டி, மிளகாய்க் குடும்பத்துக்கு மிகச் சிறிய அளவிலேயே ஆகாது. பயிரின் தொடக்கத்தில் அடித்தது அறுவடைக்குள் பெரும்பாலும் சிதைந்துவிடும் என்பதால் இது பெரிய ஆபத்து என்று நான் கருதவில்லை. ஐயம் இருந்தால் ஒரு கைப்பிடி வைக்கோலை ஒரு நாள் ஊறவைத்து, அந்த நீரைத் தட்டைப்பயறு முளைத்த தொட்டிக்கு இரண்டு வாரம் ஊற்றிப் பாருங்கள். புது இலைகள் முறுக்காமல் விரிந்தால் கட்டு நல்ல கட்டு.

எப்போது செய்வது என்பதில் என் பரிந்துரை இது. பொங்கலுக்குப் பின் சம்பா நெல் அறுவடை வைக்கோல் மலிவாகவும் காய்ந்தும் கிடைக்கும்போது வாங்கி, படுதா போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பூத் ஜொலோகியாவை ஏப்ரல் நடுவிலும் சம்பா மிளகாயை மே முதல் வாரத்திலும் தட்டில் விதையுங்கள். மே கடைசியில் கட்டை நனைக்கத் தொடங்கி, ஜூன் நடுவில் நடுங்கள். முதல் மூன்று வாரம் நிழல்வலை அல்லது தென்னங்கீற்றுத் தடுப்பு அவசியம். தை மாதத்திலேயே நட்டால் சம்பா ஓரளவு தேறும், ஆனால் பூத் ஜொலோகியா சரியாக ஏப்ரல், மே வெயிலில் பூவெடுத்து அத்தனையையும் உதிர்த்துவிடும். பகலில் 35 டிகிரிக்கு மேல் போய் இரவும் குளிராமல் இருந்தால் மகரந்தம் வீரியமிழந்து பூ காம்போடு விழும். இது உறுதியாகத் தெரிந்தது. ஜூனில் நட்டால் ஆகஸ்ட் கடைசியிலிருந்து பச்சை மிளகாய் பறிக்கலாம், பூத் ஜொலோகியா பழுக்க அக்டோபர் ஆகும். வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போது கட்டு குழைந்து உட்கார்ந்துவிடும், அதற்குள் பெரும்பகுதிப் பறிப்பை முடித்துவிட வேண்டும் என்பதுதான் இந்தக் காலக் கணக்கின் நோக்கம்.

இலைச் சுருட்டுதான் உங்கள் உண்மையான எதிரி. அதில் மூன்று வகை இருக்கிறது, மூன்றையும் கையாளும் விதம் வேறு. இலையின் ஓரங்கள் மேல்நோக்கிப் படகு போலக் குவிந்திருந்தால் இலைப்பேன். வெள்ளைத் தாளைக் கீழே பிடித்து நுனிக் கொழுந்தைத் தட்டினால் வைக்கோல் நிறத்தில் கீற்றுகள் போல விழுந்து ஊரும். ஓரங்கள் கீழ்நோக்கிக் கவிழ்ந்து, இலைக்காம்பு நீண்டு, இலை எலிவால் போல ஒடுங்கினால் மஞ்சள் சிலந்திப் பேன்; அதைப் பார்க்கப் பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடி வேண்டும், வெறும் கண்ணுக்குத் தெரியாது. இலைகள் சிறுத்து, நரம்பு தடித்து, கணுக்கள் நெருங்கி, செடியே குட்டையாகிப் புதர் போல் ஆனால் வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி. இலைப்பேனுக்கு லிட்டருக்கு மூன்று நான்கு மில்லி வேப்பெண்ணெயைக் காதி சோப்புக் கரைசலோடு கலந்து வாரம் ஒரு முறை, இலையின் அடிப்பக்கம் நனையும்படி, வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்கலாம். நீல நிற ஒட்டுப்பொறியும் உதவும். சிலந்திப் பேனுக்கு வேப்பெண்ணெய் அரைகுறைதான். நனையும் கந்தகத் தூள் லிட்டருக்கு 2 கிராம் நன்றாகக் கேட்கும், ஆனால் கடும் வெயில் நாளிலும் எண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள்ளும் கந்தகம் அடித்தால் இலை கருகும். நச்சுயிரிக்கு மருந்தே கிடையாது. அந்தச் செடியைப் பிடுங்கி அகற்றுவது மற்றவற்றைக் காப்பாற்றும். அதனால்தான் நாற்றுத் தட்டை நுண்ணிய நைலான் வலைக்குள் வைக்கச் சொல்வார்கள். வெள்ளை ஈ இளம் நாற்றிலேயே தொற்ற வைத்துவிட்டால் நடவுக்குப் பிறகு எதைத் தெளித்தும் பயனில்லை. பூக்களுக்குள் கருநிற இலைப்பேன்கள் கூட்டமாக இருந்தால் அது 2021-ல் தெலங்கானா, ஆந்திர மிளகாய் வயல்களைக் கடுமையாகத் தாக்கிய அயல்நாட்டு இனமாக இருக்கலாம். அது வேப்பெண்ணெய்க்கு எளிதில் அடங்குவதில்லை. பூக்களைப் பறித்து அழிப்பதும், வட்டாரத் தோட்டக்கலை அலுவலரிடம் காட்டுவதும் நல்லது.

மாடித்தோட்டக்காரர்களிடையே உலவும் சில வழக்கங்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பூவுதிர்வுக்குப் புளித்த மோரும் பெருங்காயமும் தெளிப்பது பரவலான பழக்கம். தீங்கில்லை, ஆனால் வெயிலால் உதிரும் பூவை அது நிறுத்தும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, அதே வாரத்தில் இரவு குளிர்ந்ததால் நின்றதையும் மோரின் கணக்கில் எழுதிவிடுகிறோம். என்.ஏ.ஏ. என்ற வளர்ச்சி ஊக்கியைப் பத்து பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் பத்துப் பங்கு) அளவில், அதாவது கடையில் விற்கும் நாலரை விழுக்காட்டுக் கரைசலை லிட்டருக்குக் கால் மில்லி, பூக்கும் பருவத்தில் தெளிப்பது பரிந்துரையில் உள்ள முறை. அளவு கூடினால் எதிர்விளைவு உண்டு. பஞ்சகவ்யமும் மீன் அமிலமும் இலைவழிச் சிறு ஊட்டமாக வேலை செய்கின்றன. கட்டின் தழைச்சத்துப் பசிக்கு அவை ஈடாகா. நுனி கிள்ளினால் கிளை கூடும் என்பது உண்மை, மகசூல் கூடுமா என்பது ரகத்தைப் பொறுத்தது. தானே கிளைக்கும் சம்பாவில் நான் கிள்ளுவதில்லை, பூத் ஜொலோகியா நெட்டையாகப் போனால் ஒரு முறை கிள்ளுவேன். தண்ணீரைக் குறைத்தால் காரம் ஏறும் என்பதில் ஓரளவு உண்மை உண்டு, ஆனால் விளைவு ரகத்துக்கு ரகம் மாறும். காரம் பெரும்பாலும் விதையின் குணம். 2007-ல் உலகின் மிகக் காரமான மிளகாய் என்று கின்னஸ் ஏட்டில் ஏறிய பூத் ஜொலோகியாவின் மதிப்பு, காரத்தை அளக்கும் ஸ்கோவில் அலகில் பத்து லட்சத்தைத் தாண்டியது. அதைத் தண்ணீர் விட்டு வளர்த்தாலும் சமையலறையில் யாரும் குறை சொல்லப் போவதில்லை.

அதைப் பறிக்கும் நாளில் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். காரச் சத்து விதையில் அல்ல, விதை ஒட்டியிருக்கும் வெண்ணிறத் தசையில்தான் திரண்டிருக்கிறது. அது நீரில் கரையாது, ஆகவே வெறும் தண்ணீரில் கழுவிய கையைக் கண்ணில் வைத்தால் துன்பம்தான். எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் அந்தச் செடியை எட்டாத இடத்தில் வையுங்கள். பறிப்பு முடிந்த கட்டைக் கயிறு அறுத்துக் குலைத்தால் பாதி மட்கிய கரும் வைக்கோல் கிடைக்கும். அதை வாழைக்கோ தென்னைக்கோ மூடாக்காகப் போடலாம், அடுத்த போகத்து மிளகாய்க்கோ கத்தரிக்கோ போட வேண்டாம், ஏனென்றால் இந்தச் செடிகளின் நோய்க் கிருமிகள் அதில் தங்கியிருக்கக்கூடும்.

இப்போது செடிப்பையில் நிற்கும் அந்த இலை சுருண்ட செடிகளைப் பிடுங்கும் முன், நுனிக் கொழுந்தின் மேற்புறப் படம் ஒன்றும் அடிப்புறப் படம் ஒன்றும் பகல் வெளிச்சத்தில் எடுத்துப் போடுங்கள். சுருட்டு மேல்நோக்கியா கீழ்நோக்கியா என்பது படத்தில் தெரிந்தால், அவற்றைக் காப்பாற்ற முடியுமா என்று சொல்லிவிடலாம்.